மதிப்பெண் வந்த பிறகு: சிங்கப்பூரில் உயர்கல்வி எப்படி அமைந்திருக்கிறது

ஜனவரியில், உயர்நிலைப் பள்ளியின் முடிவில் எழுதும் ஜிசிஇ சாதாரண நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாளிலேயே அடுத்த கட்டத்துக்கான விண்ணப்பமும் தொடங்கிவிடுகிறது. கையில் இருப்பது ஏறத்தாழ ஐந்து நாள். அதற்குள், எங்கே என்ன படிப்பது என்ற 12 தெரிவுகளை வரிசைப்படுத்திக் கொடுத்தாக வேண்டும். தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் தயாராகும் வீடுகள் இந்த ஐந்து நாளுக்குத் தயாராவது குறைவு. இங்கே நல்ல மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறும் இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். எந்த விண்ணப்பம் எப்போது தொடங்குகிறது, எந்தப் பாடம் எந்தப் படிப்புக்குக் கட்டாயம், எந்தப் பணத்தை முதலில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் பொதுவெளியில் இருக்கும் தகவல்கள். ஆனால் எல்லா வீடுகளுக்கும் அவை ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. பல்கலைக்கழகம் வரை படித்தவர் ஒருவரும் இல்லாத குடும்பங்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் கடைசியாகத்தான் போய்ச் சேர்கின்றன. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் படிக்கும் கல்லூரி ஒன்று, பட்டம் தரும் பல்கலைக்கழகம் இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் இணைந்திருப்பது நமக்குத் தெரியும். சிங்கப்பூரின் அரசு உதவி பெறும் பல்கலைக்கழகங்களில் அந்த இணைப்புமுறை கிடையாது. பாடத்திட்டம் வகுப்பது, மாணவரைத் தேர்ந்தெடுப்பது, தேர்வு வைப்பது, பட்டம் தருவது எல்லாம் ஒரே நிறுவனம். அப்படிப்பட்ட தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்), நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (என்டியு), சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் (எஸ்எம்யு), சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் (எஸ்யுடிடி), சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் (எஸ்ஐடி), சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் (எஸ்யுஎஸ்எஸ்). லாசால், நாஃபா கலைக் கல்லூரிகள் சேர்ந்து உருவான சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அது அரசு ஆதரவு பெறும் தனியார் பல்கலைக்கழகம். இந்த ஆறில் சேராது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் 1928இல் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949இல் மலாயாப் பல்கலைக்கழகமாக இணைந்தன. அந்த வழியில் வந்த சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் சீனச் சமூகம் எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகமும் 1980இல் ஒன்றாகி என்யுஎஸ் ஆயின. நன்யாங் வளாகத்தில் 1981இல் தொடங்கிய தொழில்நுட்பக் கழகம் 1991இல் என்டியு ஆனது. ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்விக் கழகம் அதன் ஒரு பகுதி. 2000இல் எஸ்எம்யு வந்தது. என்யுஎஸ்ஸும் என்டியுவும் 2006இல் தனி ஆட்சிமன்றமுள்ள நிறுவனங்களாக மாற்றப்பட்டன. அன்றிலிருந்து மாணவரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் பல்கலைக்கழகங்களுக்குக் கணிசமான சுதந்திரம் இருக்கிறது. ஒரே மதிப்பெண் பட்டியலுடன் மூன்று இடங்களில் விண்ணப்பித்த மாணவருக்கு மூன்று வேறு பதில்கள் வருவது அதனால்தான். ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் (பாலிடெக்னிக்) தொழில்நுட்பக் கல்விக் கழகமும் (ஐடிஇ) இவற்றிலிருந்து வேறுபட்டவை. அவை கல்வி அமைச்சின்கீழ் இயங்கும் ஆணைபெற்ற அமைப்புகள்.

இனி, நம் வீடுகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் என்றால் பிளஸ் டூ வழியில் போகாதவர்களுக்கான இடம் என்ற பழைய எண்ணம் பலரிடம் உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து, ஜேசி (தொடக்கக் கல்லூரி) கிடைத்தால் ஜேசிதான் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் (1954), நீ ஆன் (1963), தெமாசெக் (1990), நன்யாங் (1992), ரிபப்ளிக் (2002) ஆகிய ஐந்தும் சேர்ந்து ஆண்டுதோறும் தொடக்கக் கல்லூரிகளைவிட அதிக மாணவர்களைச் சேர்க்கின்றன. மூன்றாண்டு டிப்ளோமா, வேலைப் பயிற்சி, குழுத் திட்டங்கள், தொடர் மதிப்பீடு. தொடக்கக் கல்லூரி இதற்கு நேர் எதிரானது. இரண்டு ஆண்டுப் படிப்பின் பலனைக் கடைசியில் எழுதும் மேல்நிலைத் தேர்வு ஒன்றே தீர்மானிக்கிறது. மாதந்தோறும் வேலையை முடித்துக் கொடுத்துக்கொண்டே போகும் இயல்புள்ள பிள்ளை, பெரிய தேர்வு மண்டபத்தில் தடுமாறும் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையை மதிப்பெண் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஜேசிக்கு அனுப்புவது எனக்கு ஏற்புடையதல்ல.

சேர்க்கைக் கணக்கும் இரண்டுக்கும் வேறு. ஜேசிக்கு எல்1ஆர்5: முதல் மொழி ஒன்று, தொடர்புடைய பாடங்கள் ஐந்து, கூட்டுப்புள்ளி 20 அல்லது அதற்குக் குறைவு (இங்கே புள்ளி குறையக் குறைய நல்லது). முதல் மொழியின் இடத்தில் ஆங்கிலத்துக்குப் பதில் உயர்தமிழை வைக்கலாம். ஆங்கிலத்திலும் உயர்தமிழிலும் ஏ1 முதல் சி6 வரை பெற்றவருக்கு ஜேசி விண்ணப்பத்தில் இரண்டு புள்ளிகள் கழிக்கப்படுகின்றன. 13 புள்ளி எடுத்தவர் 11 ஆகும்போது அவருக்குத் திறக்கும் கல்லூரிகள் மாறுகின்றன. சுமை என்று உயர்நிலை மூன்றில் உயர்தமிழை விட நினைக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு இஎல்ஆர்2பி2: ஆங்கிலம், அந்தப் படிப்புக்குத் தொடர்புடைய பாடங்கள் இரண்டு, மிகச் சிறந்த பாடங்கள் இரண்டு. இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிகளைக் கழித்தபின் 26 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். அது பொதுத் தகுதி மட்டுமே. விரும்பப்படும் படிப்புகளில் கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி ஒற்றை இலக்கத்திலும் இருக்கும். பிழை நேரும் இடம் நடுவிலிருக்கும் ‘ஆர்2’. எந்தப் பாடங்கள் தொடர்புடையவை என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். பொறியியலுக்கான கூட்டுப்புள்ளியும் ஊடகப் படிப்புக்கான கூட்டுப்புள்ளியும் ஒரே மாணவருக்கு வேறு வேறாக வரும். அதோடு ஒவ்வொரு படிப்பும் சில பாடங்களில் குறைந்தபட்சத் தரம் கேட்கும். கூட்டுப்புள்ளி அருமையாக இருந்தும் கணிதத்தில் அந்தத் தரம் இல்லாவிட்டால் அந்தத் தெரிவு வீண். 12 தெரிவுகளில் இப்படி மூன்று நான்கு வீணாவதுண்டு. முடிவுகள் வருமுன்பே, டிசம்பர் விடுமுறையில், விரும்பும் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைப்பதுதான் வழி. வரிசையில் உண்மையாக விரும்புவதை முதலில் வையுங்கள். கடைசி இரண்டு மூன்று இடங்களைக் கட்டாயம் கிடைக்கக்கூடிய, ஆனால் படிக்கச் சம்மதமான படிப்புகளுக்கு ஒதுக்குங்கள்.

இதற்கும் முன்னால் ஒரு வழி உண்டு. முன்கூட்டிய சேர்க்கை, அதாவது இஏஇ. சாதாரண நிலைத் தேர்வு எழுதும் ஆண்டின் நடுவிலேயே, மாணவரின் ஆர்வத்தையும் திறனையும் நேர்காணல், செயல்தொகுப்பு ஆகியவற்றின் மூலம் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். மூன்று படிப்புகள் வரை தெரிவு செய்யலாம். கிடைக்கும் இடம் நிபந்தனைக்குட்பட்டது. தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை எட்ட வேண்டும். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் ஜனவரிக் கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. எதிர்பார்த்ததைவிட மிக நன்றாகத் தேர்வு எழுதிவிட்டு, இப்போது ஜேசி போகலாமா என்று கேட்கும் மாணவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். இன்ன படிப்புதான் வேண்டும் என்ற தெளிவுள்ள பிள்ளைக்கு இஏஇ மிக நல்ல வாய்ப்பு. ஓர் இடத்தைப் பிடித்து வைப்போம் என்ற எண்ணத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு இந்த விதிகள் மாறுகின்றன. பாட அடிப்படையிலான முறையில் ஜி1, ஜி2, ஜி3 என்று கடினம் ஏறிக்கொண்டே போகும் நிலைகளில் படிக்கும் அவர்கள் 2027இல் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு எழுதுவார்கள். 2028 சேர்க்கையில் ஜேசிக்கு எல்1ஆர்5க்குப் பதிலாக எல்1ஆர்4, வரம்பு 16 புள்ளி. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு ஐந்து பாடங்களில் ஒன்றை ஜி2 நிலையில் எடுத்திருந்தாலும் ஏற்பார்கள். மூத்த பிள்ளைக்குச் சொன்ன கணக்கை இளைய பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்.

ஐடிஇயைப் பற்றிப் பேசும்போது பலரின் குரல் தணிகிறது. தணிய வேண்டிய காரணம் எதுவும் இல்லை. அங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் ஆகிய இடங்களில் மூன்று கல்லூரிகள். பெரும்பாலான படிப்புகள் இப்போது மூன்று ஆண்டில் நேரடியாக உயர் நைட்டெக் (ஐடிஇ தரும் நைட்டெக் சான்றிதழின் மேல்நிலை) தரும்படி மாற்றப்பட்டுள்ளன. முன்பு நைட்டெக் முடித்து, மறுபடி விண்ணப்பித்து, இடம் கிடைத்தால்தான் உயர் நைட்டெக். அந்த இடைவெளியில் பலர் நின்றுபோனார்கள். உயர் நைட்டெக் முடித்தவர் சராசரித் தரப்புள்ளியின் பலத்தில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகலாம்; வேலை செய்துகொண்டே படிக்கும் டிப்ளோமாவும் உண்டு. 30 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரர் ஐடிஇ முடித்து டிப்ளோமாவில் சேர்ந்தால் 5,000 வெள்ளி அவருடைய உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் சேரும். டிப்ளோமாவை முடித்ததும் 10,000 வெள்ளி மத்திய சேமநிதி (சிபிஎஃப்) சாதாரணக் கணக்கில் சேரும். ஐடிஇ முடித்து நேரே வேலைக்குப் போக நினைக்கும் இளையர்களிடம் இந்தத் தொகையை எடுத்துச் சொல்வது நம் சமூக அமைப்புகள் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை.

இப்போது பல்கலைக்கழகச் சேர்க்கை. ஜேசி மாணவருக்கு மொத்தம் 70 புள்ளி. முன்பு 90 ஆக இருந்தது 2026 சேர்க்கையிலிருந்து இப்படி மாறியது. மூன்று எச்2 பாடங்கள் (முழு அளவுப் பாடங்கள்) தலா 20, பொதுத்தாள் (ஜெனரல் பேப்பர்) 10. எச்2வில் ஏ எடுத்தால் 20, பி 17.5, சி 15, டி 12.5, இ 10. பாதி அளவான எச்1 பாடத்துக்கு அவற்றில் பாதி. ஏ, ஏ, பி எடுத்து, பொதுத்தாளில் பி வாங்கியவருக்கு 20 + 20 + 17.5 + 8.75 = 66.25. திட்டப்பணி இப்போது தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டுமே பார்க்கப்படுகிறது. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டும் சேர்க்கப்படும். மேலே சொன்ன மாணவர் எச்1 தமிழில் ஏ வாங்கியிருந்தால் 76.25ஐ 80க்குக் கணக்கிட்டு 70க்கு மாற்றும்போது 66.72 ஆகும். அதே தமிழில் பி என்றால் 8.75 சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள். ஆக, தமிழ் எடுத்ததால் புள்ளி குறையாது. ஏ வாங்கினால் கூடும். அரைப் புள்ளி சிறிதாகத் தோன்றலாம். போட்டி மிகுந்த படிப்புகளில் நூற்றுக்கணக்கானோர் அந்த அரைப் புள்ளிக்குள்தான் நிற்கிறார்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவருக்குத் தரப்புள்ளிச் சராசரி, நான்குக்கு எவ்வளவு என்பதே கணக்கு. முன்பு சாதாரண நிலை மதிப்பெண்ணுக்கும் ஒரு பங்கு இருந்தது. 2020 சேர்க்கையிலிருந்து அது நீக்கப்பட்டது. பதினாறு வயதில் சரியாக எழுதாதவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் டிப்ளோமாவின் முதல் ஆண்டும் சேர்த்தே சராசரி கணக்கிடப்படுகிறது. புதிய சுதந்திரத்தில் முதல் பருவத்தைக் கோட்டைவிட்டவர், பின்னால் எவ்வளவு உழைத்தாலும் 3.2லிருந்து 3.7க்கு ஏறுவது கடினம். பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம் போக நினைப்பவர் முதல் ஆறு மாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் முந்திய சேர்க்கையின் மதிப்பெண் விவரத்தை வெளியிடுகின்றன. அதில் ஒவ்வொரு படிப்புக்கும் பத்தாவது, தொண்ணூறாவது சதமான நிலைகள் இருக்கும். பத்தாவது சதமானத்தைக் குறைந்தபட்ச வரம்பு என்று படித்துவிட்டுப் பலர் விண்ணப்பிக்காமலே விலகுகிறார்கள். அதற்குக் கீழே இருந்தும் பத்தில் ஒருவர் உள்ளே போயிருக்கிறார் என்பதே அதன் பொருள். பல்கலைக்கழகங்கள் 15 விழுக்காடு வரை இடங்களை மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட திறனைப் பார்த்து நிரப்பலாம். அதற்கான கட்டுரைகளையும் சான்றுகளையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே தர வேண்டும். பிறகு கேட்பார்கள் என்று காத்திருந்தால் கேட்கமாட்டார்கள்.

மதிப்பெண்ணைவிடக் கொடுமையாக வழிமறிப்பது முன்தகுதிப் பாடம். பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் பெரும்பாலும் எச்2 கணிதம் வேண்டும். மருத்துவத்துக்கு எச்2 வேதியியலோடு உயிரியலோ இயற்பியலோ வேண்டும். இவற்றைத் தீர்மானிக்கும் பாடத் தெரிவு ஜேசி முதல் ஆண்டின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. மருத்துவத்துக்குப் போக இன்னொரு வாசலையும் தாண்ட வேண்டும். என்யுஎஸ், என்டியு இரண்டும் யுகேட் நுழைவுத் தேர்வைக் கேட்கின்றன. அது ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். பிப்ரவரி இறுதியில் மேல்நிலை முடிவு பிரமாதமாக வந்தபின் மருத்துவம் படிக்கலாம் என்று யோசிப்பவருக்கு அந்தத் தேர்வுக் காலம் முந்திய ஆண்டிலேயே முடிந்துபோயிருக்கும். ஓர் ஆண்டு போய்விடும். இன்னொரு வழி டியூக்-என்யுஎஸ்; ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் மருத்துவம் பயிலும் பள்ளி அது.

மேல்நிலை முடிவு வந்து மூன்று நான்கு வாரத்தில் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் முடிந்துவிடும். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் கடைசிப் பருவ முடிவு வருமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பல இடங்களிலிருந்து அழைப்பு வரலாம். மே மாதத்தில் ஒன்றை மட்டுமே ஏற்க முடியும்.

கட்டாயமான தேசிய சேவைக்குப் போகும் ஆண்கள் சேவைக்கு முன்பே விண்ணப்பித்து இடத்தை ஏற்றுக்கொண்டால், அந்த இடம் அவர்களுக்காக ஒதுக்கி வைக்கப்படும். சேவை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில் எந்த லாபமும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே மதிப்பெண்ணுடன் புதிய போட்டியில் நிற்க வேண்டிவரும். குடும்பங்கள் போட வேண்டிய இன்னொரு கணக்கு வயது. ஜேசி வழியில் போகும் பையன் பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும்போது 20 அல்லது 21. டிப்ளோமா வழியில் 22 ஆகலாம். நான்காண்டுப் பட்டம் முடியும்போது 26. பொருத்தமான டிப்ளோமாவுக்குப் பல பட்டப் படிப்புகள் பாட விலக்கு தருகின்றன. சிலவற்றில் ஓர் ஆண்டு வரை மிச்சமாகும். அது தானாக எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதால் அழைப்பை ஏற்பதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு வருகிறேன். உலகத் தரவரிசையில் என்யுஎஸ்ஸும் என்டியுவும் முன்னால் நிற்பதால் மற்ற நான்கையும் மிச்சமாகப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்தத் தரவரிசைகள் பெரும்பாலும் ஆய்வை அளக்கின்றன. இளநிலை மாணவருக்குக் கிடைக்கும் கற்பித்தலை அவை சொல்வதில்லை. எஸ்ஐடியில் பட்டத்தின் ஒரு பகுதியாக எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். டிப்ளோமா மாணவர்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்ட நிறுவனம் அது. எஸ்எம்யுவில் வகுப்புகள் சிறியவை, பேசிப் பங்கேற்பதற்கும் மதிப்பெண். கூச்சமுள்ள மாணவர் அதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. எஸ்யுடிடியில் எல்லாரும் முதலில் பொதுவான பருவங்களைப் படித்து, பிறகுதான் துறையைத் தேர்ந்தெடுப்பார்கள். எஸ்யுஎஸ்எஸ் வேலை பார்ப்பவர்களின் பகுதிநேரப் படிப்புக்கு முதன்மையான இடம். என்யுஎஸ்ஸிலும் கலை, அறிவியல் மாணவர்கள் 2021 முதல் மனிதவியல் அறிவியல் கல்லூரி என்ற ஒரே குடையின்கீழ் பொதுப் பாடங்கள் படிக்கிறார்கள். தனித்த இயற்பியல் பட்டம் என்று நினைத்துச் சேருபவர் அந்தப் பொதுப் பாடப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தமிழையே படிக்க விரும்புபவருக்கும் தொடர்ச்சியான பாதை இருக்கிறது. ஜேசியில் எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாலர் கல்வியோடு இணைந்த தமிழ்த்துறை டிப்ளோமா. எஸ்யுஎஸ்எஸ்ஸில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம். ஆசிரியப் பயிற்சிக்குத் தேசிய கல்விக் கழகம். என்யுஎஸ்ஸில் தெற்காசிய ஆய்வுத் திட்டம் உண்டு. எச்2 தமிழைத் தன் கல்லூரியில் நடத்தாவிட்டால் வேறு நிலையத்தில் படிக்கலாமா என்று கேட்கவே தயங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஜேசி தொடங்கிய முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். பாட அட்டவணை உறுதியானபின் மாற்றுவது சிரமம்.

பணம். அரசின் கல்விக் கட்டண மானியம் கழித்து, சிங்கப்பூரர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆண்டுக்கு 3,000 வெள்ளியைச் சற்றுத் தாண்டியும், பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் 8,000 வெள்ளிக்கு மேலும் கட்டுகிறார். மருத்துவம் 30,000 வெள்ளிக்கு மேல் இருக்கும். படித்து முடித்தபின் சிங்கப்பூரருக்கு ஐந்தாண்டு அரசுச் சேவையும் உண்டு. நிரந்தரவாசிகளுக்குக் கட்டணம் கூடுதல். வெளிநாட்டு மாணவருக்கு மானியம் கழித்தும் சிங்கப்பூரரைவிட இருமடங்குக்கு மேல். அந்த மானியத்தை ஏற்றால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூரில் வேலை செய்வதற்கு ஒப்பந்தம் செய்ய வேண்டும். மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் திட்டமுள்ளவர் கையெழுத்திடும் முன் சேவையைத் தள்ளிவைக்கும் விதிகளை முழுமையாகப் படிக்க வேண்டும்.

பணத்தை எடுக்கும் வரிசையில் பலர் தவறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு. எடுசேவ் (பள்ளிக் காலத்தில் அரசு போடும் கல்விச் சேமிப்பு) மிச்சம் அங்கேதான் போகிறது. அதைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். உடன்பிறந்தவர் படிப்புக்கும் பயன்படுத்தலாம். 31 வயதாகும் ஆண்டில் மீதம் மத்திய சேமநிதிக்கு மாறிவிடும். அது கடன் இல்லை. அடுத்தது உதவிநிதி. குடும்பத்தின் தலைக்குரிய மாத வருமானத்தை வைத்து அரசு உதவிநிதி முடிவாகிறது. மொத்த வருமானத்தை வீட்டில் இருப்பவர் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகை அது. உடன் வசிக்கும் தாத்தா பாட்டியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை மறந்துவிட்டு, தங்களுக்குத் தகுதியில்லை என்று விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் உண்டு. சிண்டாவும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இந்து அறக்கட்டளை வாரியமும் தரும் உதவிநிதிகளுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகே கடன். மத்திய சேமநிதிக் கல்விக் கடனில் பெற்றோரின் சாதாரணக் கணக்கில் இதுவரை சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். ஆனால் இப்போது கையிருப்பு எவ்வளவோ அதற்கு மேல் எடுக்க முடியாது. மொத்தம் 1,00,000 வெள்ளி சேர்ந்து, 85,000 வீட்டுக்குப் போயிருந்தால் 40,000 கிடைக்காது, 15,000தான். வீட்டுக் கடன் மாதத் தவணை அதே கணக்கிலிருந்து போகிறதென்றால் அதற்கும் மிச்சம் வைக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். இப்போது ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. படிப்பு முடிந்து ஓர் ஆண்டில் தொடங்கி, அதிகபட்சம் 12 ஆண்டுக்குள் பிள்ளை அந்தப் பணத்தைப் பெற்றோரின் கணக்கில் ரொக்கமாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லாத வீடுகளில், முதல் சம்பளம் வாங்கும் நேரத்தில் மனவருத்தம் வருகிறது.

மற்றொன்று வங்கிவழிக் கல்விக் கட்டணக் கடன். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு 75 விழுக்காடு வரை. படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. அதன்பின் வசூலிக்கும் வட்டி சேமநிதி வட்டியைவிட அதிகம். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டில் அடைத்துவிட முடியும் என்றால் வங்கிக் கடன் சிக்கனம். பத்தாண்டு இழுக்கும் என்றால் சேமநிதி. பெற்றோர் ஓய்வுக்கு நெருங்கிவிட்டார்கள், கணக்கில் இருப்பதே குறைவு என்றால் அதைத் தொடாமல் வங்கிக் கடன் எடுப்பதே நல்லது என்பேன். வங்கிக் கடனுக்கு 60 வயதைத் தாண்டாத ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும். பெற்றோர் இருவரும் அந்த வயதைக் கடந்திருந்தால் உறவினரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இடம் கிடைக்காதவர்கள் அடுத்துப் பார்ப்பது தனியார் கல்வி நிலையங்கள். அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை இங்கே நடத்துகின்றன. அரசு மானியம், சேமநிதிக் கடன், வட்டியில்லாக் காலமுள்ள கட்டணக் கடன் ஆகிய மூன்றும் பொதுவாக இங்கே கிடைக்காது. சேரும் முன் பார்க்க வேண்டியவை: அரசின் தனியார் கல்விக் குழுவிடம் பதிவு இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்கிறதா, கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறதா. அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஏழு வேலை நாளுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். முகவர் ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்று அவசரப்படுத்தினாலும் அந்த ஏழு நாள் உங்களுக்கு உண்டு. வேலைவாய்ப்புக் கருத்தாய்வு முடிவுகளில் முழுநேர நிரந்தர வேலை பெற்றவர்களின் விகிதத்தைப் பாருங்கள். விளம்பரங்களில் பெரிதாக இருப்பது பகுதிநேர வேலையையும் சேர்த்த மொத்த விகிதமாக இருக்கலாம்.

இருபத்தைந்து வயதுக்குப் பிறகும் வழி அடைபடுவதில்லை. வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் பட்டம் பெறுவோரின் விகிதத்தை 60 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அரசின் இலக்காக இருந்தது.  வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் அதில் அடக்கம். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரருக்கு 2024 மே முதல் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (வாழ்நாள் திறன்பயிற்சித் திட்டம்) சிறப்புத் தொகை வழங்கப்பட்டுள்ளது. அது குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டுமே செல்லும். இன்னொரு முழுநேர டிப்ளோமாவையும் அவர்கள் மானியத்துடன் படிக்கலாம்.

கடைசியாக, சேர்ந்தபின் தவறான படிப்பு என்று உணர்பவர்களுக்கு. இளநிலைப் பட்டத்துக்கான அரசு மானியம் பொதுவாக ஒருமுறைதான். மூன்று பருவம் படித்துவிட்டு வேறு படிப்புக்கு மாறினால், அந்த மூன்று பருவ மானியமும் பயன்படுத்தியதாகவே கணக்கிடப்படும். புதிய படிப்பின் இறுதியில் மானியமில்லாக் கட்டணம் கட்ட நேரலாம். மாறுவதென்றால் முதல் ஆண்டிலேயே மாறுங்கள். விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் பெறுங்கள்: பல்கலைக்கழகத்துக்குள்ளேயே துறை மாற முடியுமா, விடுப்பு எடுத்துத் திரும்பி வர முடியுமா, விலகினால் கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம் எப்போது தொடங்கும். முதல் இரண்டுக்கு மாணவர் அலுவலகமும், மூன்றாவதற்கு வங்கியும் சேமநிதிக் கழகமும் பதில் சொல்லும். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.